பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களின் கணக்குப் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில், "பிளஸ் டூவில் மேத்ஸ் இருந்தவங்க கை தூக்குங்க" என்பேன். அறுபது பேர் உள்ள வகுப்பில் பத்து, பன்னிரண்டு கைகள் எழும். மற்றவர்கள் தலை குனிந்துகொள்வார்கள். அதில் தலை குனிய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். வணிகவியல் துறையில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கிறேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

"மேத்ஸ் வேண்டாம்னுதான் காமர்ஸ் குரூப் எடுத்தேன். இங்கேயும் ஏன் மேம் துரத்துது?"

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொதுவாக எல்லோருக்கும் இருக்கும். நான்காவது பாடத்தில்தான் வழி பிரிகிறது. சிலர் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கிறார்கள், சிலர் கணினிப் பயன்பாடுகள் எடுக்கிறார்கள். இரண்டாவது வழியில் போனவர்களுக்குக் கணிதம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டு முழு ஆண்டுகள் ஒரு மேத்ஸ் புத்தகத்தைக்கூடத் தொடாமல் கல்லூரிக்கு வருகிறார்கள். வந்ததும் புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், காஸ்ட் அக்கவுண்டிங், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் என்று எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரே வகுப்பில் மேத்ஸ் படித்தவரும் படிக்காதவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறார்கள். பாடம் மட்டும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது.

அந்த இடைவெளியை உங்கள் மூளையின் குறை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இரண்டு ஆண்டு சைக்கிள் ஓட்டாமல் இருந்தவர் ஏறிய முதல் நாள் தடுமாறுவது போன்றதுதான் இது.

"இது நிஜமாவே ஒரு பிரச்சனையா, இல்ல என் சோம்பேறித்தனமா?"

நிஜமான பிரச்சனைதான். கல்லூரி மாணவர்களிடம் "எண் பதற்றம்" என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்று ட்ரெகர், எய்கன் என்ற இரு உளவியலாளர்கள் 1957இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். 1972இல் ரிச்சர்ட்சன், சுயின் இருவரும் இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 98 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். அதன்பின் உலகம் முழுக்க இதன்மீது தொடர்ந்து ஆய்வுகள் நடக்கின்றன. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா மதிப்பீட்டில், 2012ஆம் ஆண்டு, ஓ.இ.சி.டி. என்ற பெரும்பாலும் வசதியான நாடுகளின் அமைப்பைச் சேர்ந்த 15 வயது மாணவர்களில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் கணித வகுப்பு தங்களுக்குக் கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஒரு கணக்கைப் போடும்போது கையறு நிலையில் இருப்பதாக உணர்வோர் 30 சதவீதம். வசதியான பள்ளிகள் உள்ள நாடுகளிலேயே நிலைமை இதுதான்.

சோம்பேறிக்குப் புத்தகத்தைத் திறக்க மனம் வராது, ஆனால் அதனால் அவர் தூக்கம் கெடாது. உங்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

"வீட்டில் போட்டா வருது. ஹாலில் உட்கார்ந்தா எல்லாம் மறந்துபோகுது. ஏன்?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் போடும்போது சில விஷயங்களை அந்த நேரத்துக்கு மட்டும் மனதில் பிடித்து வைத்திருப்போம். 47உடன் 38ஐக் கூட்டும்போது "ஏழும் எட்டும் பதினைந்து, அஞ்சு போட்டு ஒண்ணு மீதி" என்கிறோமே, அந்த ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும் இடம். செயல்பாட்டு நினைவு என்று இதைச் சொல்கிறார்கள். அது சின்ன இடம். டீக்கடை மேசை மாதிரி நாலு டம்ளர் வைத்தாலே நிறைந்துவிடும்.

2001இல் மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சில எழுத்துகளைக் கொடுத்து மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அப்படியே கூட்டல் கணக்கும் போடச் சொன்னார்கள். மீதி கொண்டுபோக வேண்டிய கூட்டல் வந்து, மனதில் வைக்க வேண்டிய எழுத்துகளும் அதிகமானபோது, கணக்குப் பயம் உள்ளவர்களின் தவறுகள் மற்றவர்களைவிட வெகுவாகக் கூடின. காரணம், அவர்களின் மேசையில் ஏற்கெனவே பயம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. "ஃபெயிலாயிடுவேனோ", "பக்கத்துல இருக்கிறவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டாளே", "அப்பா என்ன சொல்வாரு" என்று ஒவ்வொரு நினைப்பும் ஒரு டம்ளர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. படித்தது அழிந்துபோகவில்லை, அதை எடுத்து வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. ஹாலை விட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் விடை சட்டென்று ஞாபகம் வருவது இதனால்தான்.

ஒரு இன்டர்னல் டெஸ்டில் ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திட்டவிலக்கம் கணக்கு, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்ப்பது. 40, 50, 60, 70, 80 என்று ஐந்தே எண்கள். சராசரி 60 என்று சரியாகப் போட்டிருந்தாள். விலகல்கள் −20, −10, 0, 10, 20 என்று எழுதியதும் சரி. வர்க்கம் எடுக்கும் இடத்தில் −400 என்று எழுதி, அடித்து, 400 என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி −400 என்று எழுதியிருந்தாள். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. வகுப்பில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு "மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்" என்று சொல்லியிருப்பாள். அந்தக் கிழிசலைப் பார்த்த பிறகு விடைத்தாள் திருத்துவதில் என் பார்வையே மாறியது. விடை 14.14 வரவில்லை என்று முழு மதிப்பெண்ணையும் வெட்டாமல், எந்தப் படியில் கை நடுங்கியது என்று தேடத் தொடங்கினேன்.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மனதில் வைப்பதைக் குறையுங்கள், தாளில் எழுதுவதைக் கூட்டுங்கள். மீதி, மைனஸ் குறி, இடைநிலை விடை எல்லாவற்றையும் எழுதுங்கள். அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

"அக்கவுண்ட்ஸ் சூப்பரா வருது. மேத்ஸ் மட்டும் வராது. எப்படி?"

தமிழில் இரண்டுக்கும் பெயர் கணக்குதான். உங்களுக்கு மட்டும் ஒன்று சொந்தக்காரர் வீடாகவும் மற்றொன்று போலீஸ் ஸ்டேஷனாகவும் தெரிகிறது.

கன்சைன்மென்ட் (சரக்கை ஏஜென்ட்டிடம் அனுப்பி விற்பது) கணக்கில் "அடக்க விலையில் 1/4 லாபம் என்றால் விற்பனை விலையில் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்காமல் "1/5" என்கிறீர்கள். 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்றால் லாபம் 20. அது 80இல் கால் பங்கு, 100இல் ஐந்தில் ஒரு பங்கு. இதே கேள்வியை "ஒரு பின்னத்தின் அடிப்படை மாறும்போது..." என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பே உறைந்துபோகிறது. இரண்டும் ஒரே கணிதம்.

மேலே சொன்ன திட்டவிலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியிலிருந்து எடுத்த விலகல்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ட்ரயல் பேலன்ஸில் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆவது போலத்தான். டேலி ஆகவில்லை என்றால் மேலே போகாமல் நின்று தேட வேண்டும் என்பது உங்களுக்குப் பழகிய ஒழுக்கம். மேத்ஸ் குரூப்பிலிருந்து வந்த பிள்ளைகளிடம்கூட அந்தப் பழக்கம் இவ்வளவு உறுதியாக இருப்பதில்லை.

வீட்டில் யாராவது ஏலச்சீட்டு போடுகிறார்களா? இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார். சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000. மீதி 20,000ஐ இருபது பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 1,000. ஆக இந்த மாதம் கட்ட வேண்டியது 4,000. கீரை ஆய்ந்துகொண்டே இதை வாயால் சொல்லும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், "எனக்குக் கணக்கெல்லாம் வராதுப்பா" என்பார்.

"பத்தாவதோட விட்டது. இப்போ எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

முழுப் புத்தகத்தையும் திரும்பப் படிக்க வேண்டாம். திரிகோணமிதி வேண்டாம், வடிவியல் வேண்டாம். உங்கள் பாடங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பின்னம், சதவீதம், விகிதம், மைனஸ் குறி, அடைப்புக்குறிக்குள் எதை முதலில் செய்வது என்ற வரிசை, தெரியாத ஒன்றை எக்ஸ் என்று வைத்து ஒரு சமன்பாடு எழுதுவது. இவ்வளவுதான். இதில் சதவீதம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல.

சதவீதத்தில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஒரு மிக்ஸி பில் 1,180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய விலை என்ன? பெரும்பாலானோர் 1,180இல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்பார்கள். தவறு. வரி போட்டது 1,180 மீது கிடையாது, அதற்கு முந்தைய விலை மீது. அந்த விலையை 100 பங்கு என்றால் பில் 118 பங்கு. 118 பங்கு 1,180 என்றால் ஒரு பங்கு 10, நூறு பங்கு 1,000. "எதன்மேல் சதவீதம்?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பழகுங்கள். 800 ரூபாய்ச் சட்டைக்கு 20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 10 சதவீதம் என்றால் 560 ரூபாய் என்று ஏமாற மாட்டீர்கள். 640இல் 64 போக 576.

தினம் இருபது நிமிடம் போதும். ஆனால் தினம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வது பயத்தைத்தான் வளர்க்கும். இருபது நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்று தெரிந்தால் மனம் முரண்டு பிடிக்காது.

"நான் தமிழ் மீடியம். கேள்வியே புரியல, அப்புறம் எங்க சம் போடறது?"

இந்தச் சிரமத்தை வெளியே சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு என்று படித்தவர் மீன், மீடியன், மோட் என்ற பெயர்களில் அவற்றை முதலில் பார்க்கும்போது புதிய பாடம் என்றே நினைப்பார். பழைய ஆட்கள்தான், சட்டை மட்டும் புதிது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதி வையுங்கள். முப்பது, நாற்பது சொற்களுக்கு மேல் வராது.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் "அட் லீஸ்ட் 200 சட்டைகள்" என்று வரும். லீஸ்ட் என்றால் குறைவு என்று நினைத்து 200க்குக் கீழே என்று குறி போடுகிறார்கள். அதன் பொருள் "குறைந்தது 200". 200 தைக்கலாம், 250 தைக்கலாம், 199 தைத்தால் கூடாது. குறி மேல்நோக்கித்தான் (≥) போக வேண்டும். "அட் மோஸ்ட்" என்றால் அதிகபட்சம், குறி கீழ்நோக்கி (≤). இந்த ஒரு குழப்பத்தால் முழு வரைபடமும் தலைகீழாகி, பத்து மதிப்பெண் போன விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனது மொழியால், பழி விழுந்தது கணக்கின்மேல்.

"பொண்ணுங்களுக்குக் கணக்கு வராதுன்னு சொல்றாங்களே?"

வரும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வராமல் செய்கிறார்கள். அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் உள்ள பெண் ஆசிரியர்களிடம் முதல், இரண்டாம் வகுப்பு படித்த குழந்தைகளைப் பார்த்தார்கள். ஆண்டு முடிவில் "பையன்களுக்குத்தான் கணக்கு" என்ற எண்ணம் பிடித்துக்கொண்ட சிறுமிகளின் கணித அடைவு குறைந்திருந்தது. பையன்களிடம் அந்த பாதிப்பு தெரியவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இப்படியொரு வேறுபாடே இல்லை. ஒரு பெண் ஆசிரியராக இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு கணக்கு எனக்குக் கரும்பலகையில் சிக்கினால் "அய்யோ" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "இருங்க, திரும்பப் பார்க்கலாம்" என்கிறேன்.

"கைடுல சால்வ் பண்ணதைப் பார்த்தா புரியுது. தனியா போட்டா வரல."

பார்த்தால் புரிவது வேறு, போட வருவது வேறு. ஒருவர் பரோட்டா வீசுவதை ஆயிரம் முறை பார்த்தாலும் நம் கையில் மாவு கிழியத்தான் செய்யும். படித்ததை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது உரைநடைப் பகுதிகளை வைத்து. கணக்குக்கும் அது பொருந்துவதை வகுப்பில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

கைடில் உள்ள விடையை ஒரு தாளால் மூடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். சிக்கினால் தாளை ஒரு வரி மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். முடித்தபின், அதே கணக்கை மறுநாள் எதையும் பார்க்காமல் போடுங்கள். ஒரே மாதிரி பத்து கணக்கு அடுக்காகப் போட வேண்டாம். கோரிலேஷன் ஒன்று, ரிக்ரஷன் ஒன்று, இன்டெக்ஸ் நம்பர் ஒன்று என்று கலந்து போடுங்கள். எந்த ஃபார்முலா எதற்கு என்று தேர்ந்தெடுப்பதுதான் தேர்வில் பாதி வேலை. வரிசையாக ஒரே அத்தியாயத்தைப் போடும்போது அந்தத் தேர்வைப் புத்தகமே உங்களுக்காகச் செய்துவிடுகிறது.

"பரீட்சை அன்னைக்கு என்ன செய்யணும்?"

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் தேவையான ஃபார்முலாக்களை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ரஃப் என்று போட்டு எழுதிவிடுங்கள். மனதில் இருந்து ஒரு சுமை இறங்கும். நன்றாகத் தெரிந்த கணக்கில் தொடங்குங்கள், முதல் கேள்வியில் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதிய மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பயத்தை எழுத எழுத அழுகை வருகிறது என்று ஒரு மாணவன் சொன்னான், அவனுக்கு அது வேண்டாம் என்றேன். வேறு சிலர் எழுதி, கசக்கி, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஹாலுக்குப் போகிறார்கள். மனசு இலேசாக இருக்கிறது என்கிறார்கள்.

ஹால் வாசலில் "அந்த சம் வரும்னாங்களே, நீ போட்டியா?" என்று கேட்பவர்களிடமிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள்.

"மூணு தடவை அரியர். விட்டுடலாமான்னு தோணுது."

விடாதீர்கள். மூன்று முறையும் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய வாரம், அதே கைடு, அதே அத்தியாயம் என்றுதான் பதில் வரும். அந்தப் பேப்பரின் பெயரைக் கேட்டாலே விலகிப் போவதும், விலகியதால் இன்னும் தெரியாமல் போவதும், தெரியாததால் பயம் கூடுவதும் ஒரு வட்டம். பழைய ஐந்து கேள்வித்தாள்களை எடுங்கள், திரும்பத் திரும்ப வரும் கணக்குகளைக் குறியுங்கள். அதில் ஆக எளிதான இரண்டை முதல் இரண்டு வாரத்தில் முழுமையாகக் கைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு கணக்கு முழுசாக வந்துவிட்ட பிறகு மாணவர்கள் நடந்து வரும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"இந்தப் பயத்தோட சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாமா?"

எழுதலாம், தெரிந்துகொண்டு எழுதுங்கள். குவான்டிட்டேடிவ் ஆப்டிடியூட் பேப்பர் 100 மதிப்பெண். வணிகக் கணிதம் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, புள்ளியியல் 40. ஒவ்வொரு பேப்பரிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். கொள்குறி வகை, தவறான விடைக்கு 0.25 குறையும். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால் ஒவ்வொரு தவறும் சேர்த்த மதிப்பெண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கணக்கைவிட லாஜிக்கல் ரீசனிங் பலருக்குச் சீக்கிரம் பழகும், அதில் தொடங்குங்கள்.

"கூடப் படிக்கிறவங்க, வீட்ல இருக்கிறவங்க என்ன செய்யலாம்?"

"இதுகூடத் தெரியாதா?" என்ற இரண்டு சொற்களை விட்டுவிடலாம். சக ஆசிரியர்களுக்கும் அதையே சொல்வேன். கரும்பலகைக்குக் கூப்பிட்டு நிறுத்திவைப்பதையும் நிறுத்தலாம். அங்கே நிற்கும் பிள்ளை கணக்கைப் பற்றி ஒரு நொடிகூட யோசிப்பதில்லை, பின்னால் யார் சிரிக்கிறார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"பரீட்சைன்னா நெஞ்சு படபடக்குது, மூச்சு வாங்குது."

கணக்கில் மட்டும் இல்லாமல் எல்லா நேரமும் இப்படி என்றால், சாப்பாடும் தூக்கமும் பல நாள் கெட்டிருந்தால், டாக்டரைப் பாருங்கள். கல்லூரியில் கவுன்சிலர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். எந்த அரியரும் அதற்குப் பெறாது.

"வேலைக்குப் போனப்புறம் இதெல்லாம் உண்மையிலேயே தேவைப்படுமா?"

சம்பளம் வாங்குவதற்கு முன்பே தேவைப்படும். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், அப்பா ஆட்டோவுக்கு வாங்கப்போகும் கடனின் தாளைக் கொண்டுவந்தான். 1,20,000 ரூபாய், 12 மாதம், ஃபிளாட் 12 சதவீதம் (பாக்கி குறைந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி), மாதம் 11,200. வங்கியிலும் 12 சதவீதம்தானே, இரண்டும் ஒன்றா என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, மாதாமாதம் பாக்கி எவ்வளவு, அந்தப் பாக்கிக்கு மட்டும் ஒரு சதவீதம் வட்டி எவ்வளவு என்று அட்டவணை போடச் சொன்னேன். சதவீதம் என்றாலே வகுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவன், கேன்டீன் மேசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பன்னிரண்டு வரிசையும் போட்டான். இரண்டு இடத்தில் அடித்தல். குறையும் பாக்கிக்கு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 10,662, மொத்த வட்டி சுமார் 7,942. ஃபிளாட்டில் 14,400. "ஆறாயிரத்து நானூத்தி ஐம்பத்தெட்டு ரூபா மேம்" என்றான். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் போன் போட வெளியே போனான்.